விலை கூடிய தூண்டில் ராடு, ரீல் வாங்கியவர்களே, உண்மையில் வித்தியாசம் தெரிந்ததா?

நண்பர்களே, 11 வருடமாகத் தூண்டில் போடுகிறேன். முதல் 6 வருடம் இருப்பதிலேயே மலிவானதை வாங்கினேன், உடைந்தால் இன்னொன்று, அவ்வளவுதான். பிறகு ஒரே வருடத்தில் ரீலையும் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) ராடையும் (தூண்டில் கழி) மாற்றி, அதுவரை செலவழித்த மொத்தத்தையும் தாண்டிவிட்டேன். அந்தக் காசில் எது எனக்கு உதவியது, எது வெறும் பளபளப்பாக நின்றுவிட்டது என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். ‘அந்தக் கம்பெனி சூப்பர்’ என்று ஒரு வரியில் முடிக்காமல், என்ன மீன், என்ன ஆனது என்று சொன்னால் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

மலிவு ரீலை நான் விட்டதற்கு ஒரே ஒரு மீன்தான் காரணம். முகத்துவாரத்தில் விடியற்காலை, தண்ணீர் வடியத் தொடங்கிய நேரம், உயிர் இரை போட்டு நின்றிருந்தேன். கொத்திப் பார்க்கவெல்லாம் இல்லை, எடுத்த வேகத்தில் ஓடியது. டிராக் (மீன் இழுத்தால் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) முதலில் சுற்றவே இல்லை. ராடு அடி வரை வளைந்தது, அப்புறம் கிர்ரென்று இரண்டு மீட்டர் விட்டது, மறுபடி பிடித்துக்கொண்டது, அடுத்த நொடி நரம்பு தொய்ந்து தண்ணீரில் கிடந்தது. முடிச்சில் அறுந்திருந்தது. என்ன மீன் என்று இன்றுவரை தெரியாது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் டிராக்கைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு ஃபெல்ட் வாஷர், காய்ந்து, அமுங்கி, தகடு மாதிரி கிடந்தது. நின்றிருக்கும் ஸ்பூலை (நரம்பு சுற்றிய உருளையை) அசைக்க வேண்டிய விசை, அது சுற்ற ஆரம்பித்த பிறகு வேண்டியதை விட எப்போதுமே கூடுதல். நல்ல டிராக்கில் இந்த வித்தியாசம் கைக்கே தெரியாது. மோசமானதில், 3 கிலோ இழுப்புக்கு விடும்படி நாம் வைத்திருந்தாலும் முதல் அசைவுக்கு 6 கிலோ கேட்கும், முடிச்சு விழுந்த இடத்தில் நரம்பின் பலம் ஏற்கெனவே குறைவு, அதனால் அங்கேதான் போகும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நரம்பு வெளியே போகப் போக ஸ்பூலில் உள்ள சுற்று சிறியதாகிறது, அதன் ஆரம் பாதியானால் நாம் எதையும் தொடாமலேயே நரம்பில் விழும் இழுப்பு இரு மடங்காகிவிடும். மீன் தூரமாக ஓடிய பிறகு ‘நான் ஒன்றும் செய்யவில்லை, தானாக அறுந்தது’ என்பார்களே, அங்கே பல சமயம் நடப்பது இதுதான்.

அடுத்து வாங்கியது கார்பன் வாஷர்கள் அடுக்கிய நடுத்தர விலை ரீல். வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. சீலா ஒன்று ஓடியபோது நரம்பு நூல் கண்டிலிருந்து வருவது போல ஒரே சீராகப் போனது, எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அதற்குக் கொடுத்த ஒவ்வொரு காசும் சரி.

அதன்பின் ஆசை விடவில்லை. அந்த நடுத்தர ரீலை விட நான்கு மடங்கு விலையில் ஒன்று வாங்கினேன். கைப்பிடி சுற்றினால் வெண்ணெய், சத்தமே இல்லை, எடையும் குறைவு. ஆனால் 3 பருவம் ஆகிவிட்டது, முந்தைய ரீலில் தப்பியிருக்கும், இதில்தான் கரை ஏறியது என்று மனசாட்சியோடு சொல்லக்கூடிய மீன் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆக என் கணக்கில் முதல் படிக்கும் நடுப் படிக்கும் இடையில்தான் பெரிய பள்ளம். நடுப் படிக்கும் உச்சிக்கும் இடையில் இருப்பது சொகுசு.

பெட்டியில் போட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 12 மட்டமான பேரிங்கை விட 5 நல்லது நன்றாகச் சுற்றும், உப்பில் துருப்பிடிக்க 7 இடம் குறைவு.

* * *

முதலில் எழுதியவர் நடுப் படி போதும் என்று சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது ஆற்றுக்கும் ஏரிக்கும். நான் பாறை மேல் நின்று கடலில் போடுகிறவன். வாரம் இரண்டு முறை அலை மேலே அடிக்கும். அங்கே விலை வேறு விதமாகப் பேசுகிறது.

நான் வைத்திருந்த நடுத்தர ரீல் ஒன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது, டிராக்கும் நல்ல டிராக். 8 மாதத்தில் உள்ளே அரைக்கும் சத்தம். திறந்தால் அலுமினிய உடம்பில் ஸ்டீல் திருகு இறங்கும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி. இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிட்டது. பெயின்டுக்கு அடியில் நடப்பதால் வெளியே கொப்புளம் வரும்வரை தெரியவே தெரியாது. ஒரு திருகு கையோடு உடைந்து வந்துவிட்டது.

இப்போது வைத்திருப்பது தண்ணீர் புகாதபடி ரப்பர் சீல் போட்டது, விலை கன்னாபின்னாவென்று கூடுதல். 5 வருடம் ஆகிறது. ஒரு முறை அலை இழுத்து மணலில் புதைந்தே போனது, தோண்டி எடுத்துக் கழுவி அதே நாள் மறுபடி போட்டேன். எனக்கு இது சொகுசு இல்லை.

ஆனால் ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். அந்த முதல் ரீலை நான் சரியாகக் கழுவியதே இல்லை. ஒரு நாள் வேகமான குழாய்த் தண்ணீரை நேராகப் பீய்ச்சினேன், அதுவே உப்பை உள்ளே தள்ளிவிடுகிறது என்று பின்னால்தான் தெரிந்தது. டிராக்கை இறுக்கி வைத்து, மழைத் தூறல் மாதிரி நல்ல தண்ணீரை மேலாக விட்டு, துடைத்து, உலர்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியே வைத்தால் வாஷர் அமுங்கிப் போகும். இந்த 5 நிமிட வேலையைச் செய்திருந்தால் அந்த ரீல் இன்னும் இரண்டு வருடமாவது ஓடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

* * *

தம்பிகளா, 40 வருடமாக மூங்கில் கழியும் தக்கையும்தான். கெண்டைக்கு ரீல் எதற்கு? கரையோரம், புல் மறைவு, நிழல் தண்ணீரில் விழாமல் நிற்பது, இதைக் கற்றுக்கொள்ளாதவன் எதை வாங்கினாலும் தக்கை அசையாது. பெரிய மீன் ஓடுமே என்றால், ஓடும், சில தடவை போய்விடும், போகட்டும்.

* * *

ஐயா சொன்னதும் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனில் உலக சாதனை 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் பிடித்தது, 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கிராஃபைட் (கார்பன்) ராடு என்ற ஒன்றே இல்லாத காலம். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைவிடக் கிட்டத்தட்ட ஒரு அவுன்ஸ் கூடுதலாக ஒன்றைப் பிடித்தார், ஆனால் பழைய சாதனையைத் தாண்ட 2 அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது விதி, அதனால் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. நடுவில் 77 வருடம். அந்த 77 வருடத்தில் ராடும் ரீலும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்!

நான் சொல்ல வந்தது ராடு பற்றி. யாரும் இன்னும் தொடவில்லை.

என் வாழ்க்கையில் 3 ராடு உடைந்திருக்கிறது, மூன்றும் விலை கூடியவை, ஒன்றுகூட மீன் உடைத்ததில்லை. முதலாவது, மீனைக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கையை உயரத் தூக்கி ராடை நெட்டுக்குத்தாகத் தாண்டிப் பின்னால் சாய்த்தேன், நுனி போய்விட்டது. அந்த நிலையில் வளைவு முழுவதும் நுனியில் மட்டும் விழுகிறது, அடிப்பகுதி வேலையே செய்வதில்லை. இரண்டாவது, வண்டிக் கதவு. மூன்றாவதுதான் பாடம். வெறும் வீச்சில், பாதி வேகத்தில், நடுவில் பட்டென்று ஒடிந்தது. தயாரிப்புக் குறை என்று சண்டை போட்டேன். பிறகு உடைந்த துண்டைப் பார்த்தால் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, எப்போதோ ஈயக்குண்டு வந்து அடித்த இடம். கார்பன் நாரில் விழுந்த அந்தக் கீறல் மாதக்கணக்கில் காத்திருந்து வேறொரு நாள் ஒடிந்திருக்கிறது.

காரணம் எளிது. விலை கூடக் கூட விறைப்பான கார்பன் நாரை உபயோகிக்கிறார்கள், விறைப்பு கூடினால் குறைந்த நாரே போதும், அதனால் குழாயின் சுவர் மெல்லியது. எடை குறையும், அடியில் ஒரு கல்லைத் தொட்டால்கூடக் கைக்கு வரும், ஆனால் அடி தாங்காது. விலை குறைந்த கண்ணாடி நார் கலந்த ராடை மிதித்தாலும் எழுந்து நிற்கும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள், படகில் குவித்துப் போடுகிறவர்கள், உயிர் இரை போட்டுத் தாங்கியில் ஊன்றிவிட்டுக் காத்திருப்பவர்கள், தயவுசெய்து விலை கூடிய கார்பன் ராடு வாங்காதீர்கள். நுனியை உணர வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் அந்த உணர்வுக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

ராடில் காசு கொடுக்க வேண்டிய இடம் நரம்பு ஓடும் வளையங்கள். மட்டமான வளையத்தின் உள்பூச்சில் மயிரிழை அளவு விரிசல் இருந்தால் போதும், பிரெய்ட் (பல இழை பின்னிய) நரம்பைச் சீவிக்கொண்டே இருக்கும். பஞ்சை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள், சிக்கினால் அந்த வளையத்தை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, விலைக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் வீசாதீர்கள், இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்.

* * *

ராடு அண்ணன் எழுதியதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அது என் தோள்பட்டை.

நான் லூர் (செயற்கை இரை) மட்டும்தான் போடுவேன், கொடுவாவுக்கும் பாரைக்கும். ஒரு காலைக்கு 300 வீச்சு சாதாரணம். பழைய செட் ராடும் ரீலும் சேர்ந்து 650 கிராம், இப்போது உள்ளது 420. கடையில் கையில் எடுத்தால் இந்த 230 கிராம் ஒன்றுமே இல்லை. நான்காவது மணி நேரத்தில் தெரியும். பழைய செட்டில் 150 வீச்சுக்குப் பிறகு மணிக்கட்டு வலிக்கும், வேகமாகச் சுற்றி இழுக்க மாட்டேன், லூர் சோர்ந்து நீந்தும், மீன் பின்னால் வந்து திரும்பிப் போய்விடும். என் தூண்டிலில் கூடுதல் மீன் வந்ததற்குக் காரணம் நான் களைப்பில்லாமல் நின்றதுதான். பெண்கள் இந்தப் பொழுதுபோக்கில் குறைவாக இருக்கிறோம், புதிதாக வருகிறவர்களிடம் ‘முதலில் கனமான மலிவு செட்டில் பழகு’ என்று சொல்கிறார்கள், இரண்டு முறை போய்விட்டுத் தோள் வலித்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். உச்சி விலை வேண்டாம், எடை குறைந்த நடுத்தர விலையாவது சொல்லுங்கள்.

அப்புறம், டிராக் சறுக்குகிறது என்று நான் ஒரு ரீலை விற்றேவிட்டேன். வாங்கியவர் இரண்டு நாளில் கூப்பிட்டார். டிராக்கில் கோளாறே இல்லை, பிரெய்டை நேராக உலோக ஸ்பூலில் சுற்றியிருந்தேன், வழவழப்பான அந்த நரம்பு மொத்தமும் ஒரே கட்டாக ஸ்பூல் மேல் சுழன்றுகொண்டிருந்திருக்கிறது. அடியில் சில மீட்டர் மோனோ (ஒற்றை இழை நரம்பு) சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்ட் போட்டால் தீர்ந்திருக்கும். நல்ல ரீல் அது. ரீலைக் குறை சொல்லும் முன் ஸ்பூலில் நரம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதே போல டிராக்கைக் கையால் இழுத்து உத்தேசமாக வைக்காதீர்கள், ஒரு கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி, ராடை வளைத்துப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம், கால் பங்கு இன்னும் நல்லது.

* * *

முதலில் எழுதியவன் மறுபடி வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

நான் சொகுசு என்று எழுதியது நான் போடும் விதத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்று இப்போது புரிகிறது. இரை போட்டுக் காத்திருக்கும் எனக்கு எடை ஒரு பொருட்டே இல்லை, பாறை மேல் அலையிலும் நின்றதில்லை. இனி யாராவது கேட்டால் எங்கே நிற்கிறாய், ஒரு நாளைக்கு எத்தனை வீச்சு என்று கேட்டுவிட்டுத்தான் ரீல் பற்றிப் பேசுவேன்.

சகோதரி சொன்ன கொக்கித் தராசை இன்று மாலையே எடுத்தேன். என் விலை கூடிய ரீலில் டிராக் 3 கிலோவில் இருக்கிறது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன், முள் 5ஐத் தாண்டி நின்றது. நரம்பு 9 கிலோ. பழைய மலிவு ரீலும் பரணில் கிடந்தது, இறக்கி, வாஷரை மாற்றி, கிரீஸ் வைத்து அதையும் தராசில் மாட்டினேன். முதல் அசைவுக்கு 3.4, சுற்றும்போது 2.8. அந்த விடியற்காலையில் எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். வார இறுதியில் இரண்டையும் எடுத்துக்கொண்டு அதே முகத்துவாரத்துக்குப் போகிறேன், தண்ணீர் வடிவது காலை 5:40க்கு.