பிடி அரிசி எங்கள் வீட்டுக்கு வந்த வாரம்

சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. அப்பா பனையேறி. 1987 வைகாசியில், பதநீர் நன்றாகச் சுரந்துகொண்டிருந்த நேரம், மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பனையேறி படுத்துவிட்டால் அன்றோடு வரும்படி நின்றுவிடும். கருப்புக்கட்டி வியாபாரியிடம் வாங்கிய முன்பணமோ கடனாகித் தலைமேல் ஏறும்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவது வழக்கம். வாரம் முடிந்ததும் அது கோயிலுக்கு, அதாவது தேவாலயத்துக்கு, போகும். பெரும்பாலும் விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். அந்த வாரம் உபதேசியார் (சபையைக் கவனிக்கும் ஊழியர்) மனைவி அதை ஓலைப்பெட்டியில் சுமந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வாங்க மறுத்தார். "இது யார் வீட்டு அரிசி என்று எனக்கே தெரியாது தாயி. உன் பிடியும் இதில்தான் கிடக்கிறது" என்றார் அவர்.

பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடந்தன. வடித்த சோற்றில் ஒன்று குழைந்திருக்கும், ஒன்று விதைவிதையாக நிற்கும். வாராவாரம் அப்படி வந்ததைத்தான் மூன்று மாதம் சாப்பிட்டோம். அந்த அரிசியிலும் அம்மா ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம், பின்னால் எங்கள் ஊருக்கும் வந்தது. வாரம் தவறாமல் சிறுதொகை கட்டுவதுதான் சிரமம் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். எங்கள் பெண்களுக்கு அது கைப்பழக்கம். சாதியும் மதமும் பாராமல் சேர்ந்ததுதான் புதிது. அதில் தயக்கமும் சண்டையும் இருந்தன, இரண்டு முறை குழு உடையப் பார்த்தது. அம்மாதான் வீடுவீடாக நடந்து ஒட்டவைத்தார். அந்தக் குழுவில் வாங்கிய கடனில்தான் என் ஆசிரியர் பயிற்சிக்குக் கட்டணம் கட்டினோம்.

இதைப் படித்துவிட்டு ஏரல் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியது:

அக்கா, எங்கள் ஊரில் அசனத்துக்கு, அதாவது கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, சமைக்கும் அண்டாக்கள்தான் கைகொடுத்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய பயணிகளுக்குப் புதுக்குடி ஊரார் சமைத்துப் போட்டதை எல்லோரும் அறிவார்கள். எங்கள் கோயில் மேட்டில் இருந்ததால் பள்ளத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் அங்கே ஏறிவிட்டார்கள். ஆண்டுக்கொரு முறை அசனத்துக்கு இறங்கும் அண்டாக்களில் நான்கு நாள் கஞ்சி காய்ந்தது. பக்கத்து ஊர் ஜமாஅத்தார் இடுப்பளவு நீரில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த அசனத்துக்கு முந்திய இரவு, காய் நறுக்க எப்போதும் எங்கள் ஆட்கள் மட்டுமே உட்காருவோம். அந்த ஆண்டு பள்ளத்துத் தெருப் பெண்கள் அரிவாள்மணையோடு வந்து உட்கார்ந்தார்கள்.