மணல் வரிப் படம்: பார்க்கிறவங்களுக்கு மேடு பள்ளமாத் தெரியுது

வாவிக்கரை:
மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாக் கரையில அலை மணலில விட்டுப்போன வரிகளை எடுத்த படம். சூரியன் எழும்பி அரை மணித்தியாலம், லென்ஸ் துவாரம் எஃப் 11, கமெரா தரைக்கு நேர் மேல. வரிகளுக்கு நடுவில சிறுநண்டு உருட்டிப்போட்ட மிளகளவு மண் உருண்டைகள். பிரிண்டைப் பார்த்த பாதிப்பேர் "என்ன இது, ஊசி குத்தின துவாரமா?" எண்டுதான் கேட்கிறாங்க. மீன் வெட்டிக்கொண்டிருந்த மாமி ஒராள் ஈரக் கையோட பிரிண்டை வாங்கி, ஒண்டும் சொல்லாமத் தலைகீழாப் பிடிச்சா. உருண்டை எல்லாம் பொங்கி எழும்பிற்று.

பொத்துவில் காத்து:
மாமி சரி. வெளிச்சம் மேல இருந்துதான் வரும் எண்டு கண் முடிவு கட்டி வைச்சிருக்கு. நிழல் மேல் பக்கம் விழுந்தா மேட்டைப் பள்ளமா வாசிக்கும். நம்ம கிழக்குக் கரையில காலைச் சூரியன் கடல் பக்கம். வரிகளும் அனேகமாக் கரைக்குச் சமாந்தரம். தண்ணிக்குள்ள நிண்டு கரையைப் பார்த்து எடுத்தா வெளிச்சம் படத்தின் அடியில இருந்து வரும், பிழைக்கும். கரையில நிண்டு கடலைப் பார்த்து எடுங்க. எடுத்தாச்செண்டா 180 பாகை சுழற்றினாப் போதும். கண்ணாடி போலத் தலைகீழாக்குற பொத்தான் வேற, அதைத் தொட வேணாம்.

கறுப்பு மணல்:
சுழற்றச் சொல்லுறது எனக்குப் பிடிக்கல்ல. அந்தக் குழப்பம்தான் படமே. திருக்கோவில் கரையில அலை திரும்பக்குள்ள வெள்ளை மணல் லேசு, இழுபட்டுப் போகும். இல்மனைட், அதான் அள்ளி விக்கிற கறுப்புக் கனிம மணல், பாரம், தங்கிரும். (வெள்ளை மணலில இருக்கிற குவார்ட்ஸ் தண்ணியைப்போல 2.65 மடங்கு பாரம், இல்மனைட் ஏறத்தாழ 4.7.) மிஞ்சுற கறுப்புக் கோடு கிளை விட்ட மரம் மாதிரி. வெளியூர் ஆக்கள் "பனங்காடு" எண்டாங்க. திருக்கோவில் பொடியன் ஒராள் பார்த்த உடன "மண் அள்ளப்போறாங்களா?" எண்டான். வயசான அம்மா ஒராள் 2004 எண்டு மட்டும் சொல்லிற்றுப் பிரிண்டைத் திருப்பித் தந்தா. மூண்டும் ஒரே படம். கீழ "இல்மனைட்" எண்டு தலைப்பு எழுதி ஒட்டின பிறகு வந்த எவருக்கும் மரமும் தெரியல்ல, தண்ணியும் தெரியல்ல. அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஸ்டீக்ளிட்ஸ் 1920களில மேகங்களை எடுத்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு 'ஈக்விவலன்ட்' (சமமானது) எண்டு ஒரே பேரை வைச்சது சும்மா இல்ல.

கல்லாறு:
ஆரும் கேட்கல்ல, இருந்தாலும் சொல்லுறன். ஈர மணலின் மினுக்கத்தை வெட்ட லென்ஸுக்கு முன்னால போடுற போலரைசர் கண்ணாடியை வாங்கிப் போட்டுற்று "வேலை செய்யல்ல" எண்டு முறைப்படுறவங்க அனேகமா நேர் மேல இருந்து எடுக்கிறவங்க. செங்குத்தாத் திரும்புற வெளிச்சத்தை அது வெட்டாது. லென்ஸ் தரையோட 35–40 பாகை சரிஞ்சு பார்க்கோணும். வளையத்தை மெல்லச் சுழற்ற, வானத்தின் வெள்ளை மங்கி மணலின் நிறம் ஏறும். ஆனா சரிச்சாக் கிட்ட ஒரு கோடுதான் கூர்மை. அதுக்காகத் துவாரத்தைச் சுருக்கி எஃப் 22க்குப் போகாதீங்க, முழுப்படமும் மழுங்கும். எஃப் 8ல குவியத்தைக் கிட்ட இருந்து தூரத்துக்கு நகர்த்தி நாலஞ்சு எடுங்க, ஒரு அலை வந்து அழிக்க முந்தி. பிறகு கணினியில ஒரே படமா அடுக்குங்க. போலரைசர் ரெண்டு ஸ்டொப் வரை வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டொப் எண்டா வெளிச்சம் பாதி): 1/60 செக்கன் எண்டது 1/15 ஆகும். ஈர மணலில ட்ரைபொட் கால் ஒவ்வொரு அலைக்கும் ஒரு நூல் இறங்கும், அடுக்கின படம் ஒட்டாது. காலை முதலே ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி அமத்துங்க. கறுப்பு மணல் படம் நிறைய இருந்தா கமெராவின் வெளிச்ச மீட்டர் அதைச் சாம்பலாக்கும், முக்கால் ஸ்டொப் குறையுங்க. வெள்ளை மணலுக்கு அதே அளவு கூட்டுங்க. நிறத்தைச் சரிக்கட்டுற வைட் பலன்ஸை ஓட்டோவில விட்டா நிழலுக்குள்ள இருக்கிற நீலம் போயிரும். 5200 கெல்வினில பூட்டி வையுங்க.

வாவிக்கரை:
போலரைசர் ஆர் கேட்ட? மாமி திருப்பிப் பிடிச்ச பிறகு கேட்டது இதுதான்: "இது எவ்வளவு பெரிசு, மகன்?" அளவுக்கு அஞ்சு ரூவாக் குத்தியை வைச்சு எடுத்துப் பார்த்தாச்சு, எல்லாரும் குத்தியைத்தான் பார்க்கிறாங்க. இப்ப நத்தை ஊர்ந்த கோடு ஒண்டு ஓரத்தில விழுகிற மாதிரிச் சட்டம் கட்டுறன். அதையும் ஒராள் தண்ணி ஓடுற ஆறு எண்டாங்க.