1985-86 ஸ்காட்டிஷ் பிரீமியர் டிவிஷன்: ஹார்ட்ஸ் கோட்டை விட்டாங்களா, செல்டிக் ஜெயிச்சாங்களா?

மெரூன் மணி:
பழைய சீசன் பத்தி பேசலாம்னு சொன்னீங்கல்ல, இந்தாங்க. தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஸ்காட்லாந்து ஃபுட்பாலோட டாப் லீக், பத்து டீம், 36 மேட்ச், ஜெயிச்சா 2 பாயின்ட் டிரா ஆனா 1, பாயின்ட் சமமானா கோல் வித்தியாசம் பாப்பாங்க. 1986 மே 3, கடைசி நாள். எடின்பரோ ஹார்ட்ஸ் 50 பாயின்ட், கிளாஸ்கோ செல்டிக் 48, கோல் வித்தியாசம் ஹார்ட்ஸ் +28 செல்டிக் +24. டண்டீ கூட அவங்க கிரவுண்டு டென்ஸ் பார்க்ல ஒரு டிரா போதும், கப் ஹார்ட்ஸுக்கு. அதுக்கு முன்னாடி 27 லீக் மேட்ச் தோக்கவே இல்ல. 80 நிமிஷம் தாண்டியும் 0-0 தான். அப்பதான் ஆல்பர்ட் கிட்னு ஒரு டண்டீ சப்ஸ்டிட்யூட், அந்த சீசன்ல லீக்ல ஒரு கோல் கூட போடாத ஆளு, கார்னர்ல இருந்து வந்த பந்தை உள்ள தள்ளுறான், கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. அதே நேரம் பெய்ஸ்லில செல்டிக் செயின்ட் மிரனை 5-0. ரெண்டு பேரும் 50 பாயின்ட், செல்டிக் +29, ஹார்ட்ஸ் +26. முடிஞ்சது கதை.

எல்லாரும் ஹார்ட்ஸ் பதட்டத்துல கோட்டை விட்டாங்கன்னே எழுதறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அந்த வாரம் டீம்ல பாதி பேருக்கு வைரஸ் காய்ச்சல், டிஃபென்ஸ்ல தூணா நின்ன கிரெய்க் லெவீன் ஆடவே இல்ல, எங்க சேண்டி கிளார்க்கை பாக்ஸுக்குள்ள தள்ளினதுக்கு பெனால்டி குடுக்கல. இதெல்லாம் சேந்து வந்தா யாரா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வாங்க.

பாரடைஸ் பாபு:
வந்துட்டாருய்யா. மணி அண்ணே, வருஷா வருஷம் மே மாசம் ஆனா இதே புலம்பல் தானா. செல்டிக் அன்னைக்கு 5-0 அடிச்சாங்கண்ணே, ஹாஃப் டைம்லயே 4-0. மெக்ளேர் ரெண்டு, மோ ஜான்ஸ்டன் ரெண்டு, பால் மெக்ஸ்டே ஒண்ணு. அதுல ஒரு ஜான்ஸ்டன் கோல் இருக்கு பாருங்க, சொந்த பாக்ஸ் பக்கத்துல டேனி மெக்கிரெய்ன் கிட்ட ஆரம்பிச்சு மாத்தி மாத்தி பாஸ் குடுத்துட்டே மறு முனை வரைக்கும் போய் உள்ள தட்டி விடுவாங்க. கப் வேற ஒருத்தன் கைல இருக்குன்னு தெரிஞ்சும் அப்படி ஆடுன டீம் அது. இதுக்கு பேரு அதிர்ஷ்டமா

மெரூன் மணி:
செயின்ட் மிரன் அன்னைக்கு ஆடுனாங்களா இல்ல நின்னு வேடிக்கை பாத்தாங்களான்னு அந்த வீடியோவ பாத்துட்டு சொல்லு தம்பி

பாரடைஸ் பாபு:
அப்படி ஒரு பேச்சு அப்பவே கிளம்புச்சு, ஒரு ஆதாரமும் வந்ததில்ல. இன்னொண்ணு ஞாபகப்படுத்தறேன். சீசனோட ரெண்டாவது மேட்ச், அதே பெய்ஸ்லி லவ் ஸ்ட்ரீட் கிரவுண்டு, அதே செயின்ட் மிரன், ஹார்ட்ஸ் தோத்தது 6-2. அங்க நாலு கோல் வித்தியாசத்துல அடி வாங்கினது நீங்க, அதே கிரவுண்டுல அஞ்சு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சது நாங்க. டைட்டில் போன இடம் டண்டீ இல்லண்ணே, பெய்ஸ்லி.

ஸ்டாட்ஸ் செல்வி:
ரெண்டு பேருக்கும் ஒரு கணக்கு சொல்றேன், அப்புறம் சண்டை போடுங்க.

அந்த சீசன் ஹார்ட்ஸ் 20 வெற்றி 10 டிரா 6 தோல்வி. செல்டிக்கும் அச்சு அசல் 20, 10, 6. அதனால ஜெயிச்சா 3 பாயின்ட்னு இப்ப இருக்கிற ரூல் போட்டாலும் சமம் தான். கோல் பாத்தா செல்டிக் அடிச்சது 67 வாங்கினது 38, ஹார்ட்ஸ் 59க்கு 33. கழிச்சா செல்டிக். ஆனா பழைய முறைல, அதாவது அடிச்சதை வாங்கினதால வகுக்கிற கோல் சராசரி கணக்குல, ஹார்ட்ஸ் 1.788 செல்டிக் 1.763. ஹார்ட்ஸ் தான் சாம்பியன்.

இதுல வேடிக்கை என்னன்னா 1965லயும் ஹார்ட்ஸ் கடைசி நாள்ல டைட்டிலை விட்டாங்க, சொந்த கிரவுண்டு டைன்காசில்ல கில்மார்னக் கிட்ட 0-2. 0-1னு தோத்திருந்தா கூட சாம்பியன் ஆகியிருக்கலாம். அப்ப இருந்தது சராசரி முறை. கில்மார்னக் 62க்கு 33, ஹார்ட்ஸ் 90க்கு 49. வகுத்தா கில்மார்னக் முன்னால, கழிச்சா ஹார்ட்ஸ் +41 அவங்க +29. ரெண்டு வருஷமும் ரூல் மட்டும் இடம் மாறியிருந்தா ரெண்டு கப்பும் ஹார்ட்ஸ் அலமாரில.

மெரூன் மணி:
பாத்தியா பாபு பாத்தியா!! இதைத்தான் நான் சொல்ல வரேன். நேருக்கு நேர் பாத்தாலும் முதல் நாள் மேட்ச் 1-1, அதுவும் மெக்ஸ்டே கடைசி நேரத்துல சமன் பண்ணினது, அப்புறம் செல்டிக் பார்க்லயே போய் 1-0 ஜெயிச்சோம், நாலு மேட்ச்ல ஒண்ணு கூட செல்டிக்கால எங்களை ஜெயிக்க முடியல

பாரடைஸ் பாபு:
அண்ணே உங்களுக்கு தோதா ஒரு ரூல் கிடைக்கிற வரைக்கும் தேடிட்டே இருப்பீங்க போல. ஆகஸ்ட்லயே எல்லாருக்கும் தெரியும் கோல் வித்தியாசம் தான்னு.

செல்வி அக்கா, உங்க கணக்கையே எடுத்துக்கறேன். சராசரி முறை இருந்திருந்தா செல்டிக் 6-0 அடிச்சா 68க்கு 38, வகுத்து பாருங்க 1.789 வரும், ஹார்ட்ஸை தாண்டிரும். அதாவது இன்னும் ஒரே ஒரு கோல். அஞ்சாவது கோல் ரெண்டாவது பாதி ஆரம்பத்துலயே விழுந்துருச்சு, அதுக்கப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு, தேவைன்னு தெரிஞ்சிருந்தா ஆறாவது அடிச்சிருக்க மாட்டாங்களா? ரூலை மாத்தினா ஆட்டமும் மாறும்.

ஸ்டாட்ஸ் செல்வி:
6-0 கணக்கு சரிதான், நானும் போட்டு பாத்துட்டேன். வெறும் 0.0016 தான் வித்தியாசம். நல்ல பாயின்ட்.

லீத் ராஜா:
லேட்டா வந்துட்டேன் போல. ஹார்ட்ஸோட எடின்பரோ எதிரி டீம் ஹிப்ஸ் ரசிகனா ஒரே ஒரு விஷயம், ஆல்பர்ட் கிட் வாழ்க. எங்க ஊர் பக்கம் அவரை எங்க ப்ளேயர் மாதிரி தான் கொண்டாடுவாங்க, எங்களுக்கு ஒரு மேட்ச் கூட ஆடாமலே 😂 அவர் சின்ன வயசுல இருந்து செல்டிக் ரசிகர் வேற, இதெல்லாம் எழுதி வச்சா கூட யாரும் நம்ப மாட்டாங்க

மெரூன் மணி:
ராஜா நீ அந்த சீசன்ல எங்க கிட்ட எத்தனை அடி வாங்கினீங்கன்னு ஞாபகம் இருக்கா, பேசாம போய்டு

லீத் ராஜா:
வாங்கினோம் வாங்கினோம். கப் யாருக்குண்ணே வந்துச்சு

சும்மா வந்தேன்:
புதுசா கேக்கறேன் கோச்சுக்காதீங்க, டண்டீக்கு அந்த மேட்ச்ல என்ன லாபம்? அவங்க நடு டேபிள் தானே, விட்டு குடுத்திருக்கலாமேன்னு சிலர் சொல்றதை பாத்தேன்

ஸ்டாட்ஸ் செல்வி:
லாபம் இருந்துச்சு. அஞ்சாவது இடத்துக்கு யூஇஎஃப்ஏ கப்னு ஐரோப்பிய போட்டில ஆட வாய்ப்பு, டண்டீயும் ரேஞ்சர்ஸும் கடைசி நாளுக்கு முன்னாடி ஒரே பாயின்ட். ஆர்ச்சி நாக்ஸ் மேனேஜரா இருந்த டண்டீ ஜெயிக்கணும், ரேஞ்சர்ஸ் சறுக்கணும். ரேஞ்சர்ஸ் மதர்வெல்லை 2-0 ஜெயிச்சதால டண்டீக்கு கிடைக்கல. அதனால அவங்க ஒழுங்கா ஆடினதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. நிஜமாவே எதுவும் இல்லாம ஆடுன டீம் கீழ ரெண்டு பேர், மதர்வெல்லும் கிளைட்பேங்கும், அடுத்த வருஷம் லீக்கை 12 டீம் ஆக்கினதால அந்த சீசன் யாரும் கீழ இறங்கல.

சும்மா வந்தேன்:
ஓ நன்றிங்க. அப்ப ஹார்ட்ஸ் ரெண்டாவது கோல் வாங்காம 1-0 தோத்திருந்தா?

ஸ்டாட்ஸ் செல்வி:
அப்பவும் +27 தான், செல்டிக் +29. முதல் கோல் விழுந்த நிமிஷமே முடிஞ்சு போச்சு. லவ் ஸ்ட்ரீட்ல டிரான்சிஸ்டர் வச்சிருந்தவங்க மூலமா சேதி பரவி, கிரவுண்டுல ஒண்ணுமே நடக்காத நேரத்துல கூட்டம் திடீர்னு கத்துதுல்ல, அந்த சத்தம் அதுக்குத்தான்.

பாரடைஸ் பாபு:
அந்த சத்தத்தை வீடியோல கேட்டாலே புல்லரிக்கும். இன்னொரு விஷயம் யாருமே பேசல, மார்ச் 22ல ரேஞ்சர்ஸ் கூட அவங்க கிரவுண்டு ஐபிராக்ஸ்ல 4-4, வில்லி மெக்ஸ்டே ரெட் கார்டு வாங்கி பத்து பேரோட ஆடுன மேட்ச். அதோட செல்டிக் கதை முடிஞ்சதுன்னு தான் எல்லாரும் நினைச்சாங்க. அதுக்கப்புறம் ஆடுன ஒவ்வொரு லீக் மேட்ச்சும் ஜெயிச்சாங்க, ஒரு பாயின்ட் கூட விடல. மேனேஜர் டேவிட் ஹே டீமுக்கு கிடைக்க வேண்டிய பாராட்டு கிடைக்கவே இல்ல, எப்ப பாரு ஹார்ட்ஸ் அழுத போட்டோ தான் போடறாங்க.

மெரூன் மணி:
சரி அதை ஒத்துக்கறேன், கடைசில நல்லா தான் ஆடுனாங்க. ஆனா ஹார்ட்ஸ் எங்க இருந்து வந்தாங்கன்னு யோசிங்க. 1977, 79, 81னு மூணு தடவை கீழ விழுந்த கிளப், வாலஸ் மெர்சர் 81ல கிளப்பை வாங்கினப்ப கடன்ல மூழ்கி கிடந்துச்சு. 83ல தான் மேல வந்தாங்க. மேனேஜர் அலெக்ஸ் மெக்டொனால்டு காசே இல்லாம டீம் கட்டினார், ஜான் ராபர்ட்சன், கேரி மெக்கே எல்லாம் சின்னப் பசங்க, 37 வயசுல சேண்டி ஜார்டின் டிஃபென்ஸ்ல நின்னு அந்த வருஷம் பத்திரிகைக்காரங்க குடுக்கிற சிறந்த ப்ளேயர் அவார்டு வாங்கினார். முதல் எட்டு மேட்ச்ல அஞ்சு தோல்வி, யாரும் சீண்டல. அப்புறம் அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் ஒருத்தனாலயும் தொட முடியல. இப்படி ஒரு டீமை பதட்டப்பட்டாங்கன்னு ஒரே வார்த்தைல முடிச்சா எப்படி

லீத் ராஜா:
அண்ணே சீரியஸாவே சொல்றேன், நீங்களே பாயின்ட் எடுத்து குடுத்துட்டீங்க. முதல் எட்டுல அஞ்சு. அதுல ஒண்ணு கிளைட்பேங்க் கிட்ட, கடைசி இடத்துல முடிச்ச டீம். அந்த மேட்ச்ல ஒரு டிரா எடுத்திருந்தா 51, ஆல்பர்ட் கிட் பத்து கோல் போட்டாலும் கவலையில்ல. மே 3ஐ பிடிச்சு தொங்கறதை விட்டுட்டு செப்டம்பரை பாருங்க.

மெரூன் மணி:
செப்டம்பர்ல எல்லா டீமும் பாயின்ட் விடும் ராஜா. செல்டிக்கும் தான் ஆறு மேட்ச் தோத்தாங்க, அவங்களை யாரும் கேக்கல

பாரடைஸ் பாபு:
ஏன்னா ஜெயிச்சவனை யாரும் கேக்க மாட்டாங்க 😄

ஸ்டாட்ஸ் செல்வி:
எனக்கு டென்ஸ் பார்க் மேட்ச்ல ஒரு குறை இருக்கு, பெனால்டியும் வைரஸும் இல்ல. லவ் ஸ்ட்ரீட்ல ஹாஃப் டைம்லயே 4-0ன்னு சேதி வந்தாச்சு. அதாவது ரெண்டாவது பாதில கோல் வித்தியாசம் எந்த வகைலயும் காப்பாத்தாது, ஒரு கோல் வாங்கினா காலின்னு தெளிவாயிடுச்சு. அப்ப ஒரு கோல் அடிச்சு வச்சுக்கணும்னு தோணணும்ல? ஹார்ட்ஸ் 0-0வை கட்டிக்கிட்டு நின்னாங்க. அடிக்கிற ஆள் இல்லாம இல்ல, ராபர்ட்சன் இருந்தார், கோல்கூன் இருந்தார். பந்து கைக்கு வந்தா தூக்கி அடிச்சு விடறது, திரும்ப வாங்கறது, இப்படியே ஓடுச்சு. சோர்வுனு சொல்லுங்க பதட்டம்னு சொல்லுங்க, ஆட்டத்துல அது தெரிஞ்சுது.

மெரூன் மணி:
உடம்பு முடியாத பதினோரு பேரை அட்டாக் பண்ண சொல்றீங்களா? அந்த சமயத்துல அலெக்ஸ் மெக்டொனால்டு இடத்துல யார் இருந்தாலும் கதவை சாத்திட்டு பத்து நிமிஷம் தள்ளலாம்னு தான் நினைப்பாங்க. அடுத்த சனிக்கிழமை ஹாம்ப்டன்ல ஸ்காட்டிஷ் கப் ஃபைனல், அலெக்ஸ் ஃபெர்குசனோட அபெர்டீன் கிட்ட 3-0 தோல்வி, எங்க கேப்டன் வால்டர் கிட்டுக்கு ரெட் கார்டு. அந்த மேட்ச் பாத்தாலே தெரியும் கால்ல உயிரே இல்ல. டென்ஸ் பார்க்லயே அப்படித்தான் இருந்திருப்பாங்க.

ஸ்டாட்ஸ் செல்வி:
ஹாம்ப்டன்ல இருந்தது மனசு உடைஞ்ச டீம். அதை வச்சு அதுக்கு முந்தின வாரத்துக்கு சாட்சி சொல்ல முடியாது.

சும்மா வந்தேன்:
அபெர்டீன் 84, 85 ரெண்டு வருஷமும் சாம்பியன், 83 டண்டீ யுனைடெட்னு பாத்தேன். அப்ப 86லயும் ஹார்ட்ஸ் ஜெயிச்சிருந்தா தொடர்ந்து நாலு வருஷம் கிளாஸ்கோவுக்கு வெளிய போயிருக்கும், சரியா?

மெரூன் மணி:
சரிதான் தம்பி, வயித்தெரிச்சலே அதுல தான். அந்த ஏப்ரல்ல தான் ரேஞ்சர்ஸ் கிரேம் சூனஸை மேனேஜரா எடுத்தாங்க, நவம்பர்ல ஃபெர்குசன் மான்செஸ்டர் போயிட்டார். ரேஞ்சர்ஸ் பணத்தை கொட்ட ஆரம்பிச்சதும் கதவு அடைஞ்சு போச்சு, அப்புறம் பல பத்து வருஷத்துக்கு கிளாஸ்கோவோட ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் தான் மாத்தி மாத்தி. ஹார்ட்ஸுக்கு ஒரு பெரிய கப் கிடைக்க 1998 வரைக்கும் ஆச்சு, ஸ்காட்டிஷ் கப், ரேஞ்சர்ஸை 2-1.

பாரடைஸ் பாபு:
அண்ணே கடைசியா ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. லெவீன் ஆடி, அந்த பெனால்டியும் குடுத்து, ஹார்ட்ஸ் 1-0 ஜெயிச்சிருந்தா, செல்டிக்கோட அந்த 5-0 பத்தி இன்னைக்கு ஒரு வரியாவது எழுதுவீங்களா?

மெரூன் மணி:
மாட்டேன். எதுக்கு எழுதணும்?

லீத் ராஜா:
நான் எழுதுவேன்ணே. அழுதுட்டே எழுதுவேன்.