கீரையை நிறுத்திவிட்டு நெத்திலி வறுத்துப் போட்டேன்

2021 ஐப்பசி. ராத்திரி இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலே துடித்தார். ஃபேன் காற்று கூட வலிக்கிறது என்றார். தேள் ஏதும் கொட்டியிருக்குமோ என்று நான் டார்ச் அடித்துக் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். யூரிக் ஆசிட் 8.9. கவுட் (gout) என்கிற மூட்டு நோய் என்றார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்து, கூடவே ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாளையும் நீட்டினார்கள். அதில் கீரை, காலிஃபிளவர், காளான், பட்டாணி, பீன்ஸ், தக்காளி, கத்தரிக்காய், பருப்பு என்று எல்லாவற்றுக்கும் நேராகப் பெருக்கல் குறி. வீட்டுக்கு வந்தால் மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு அக்கா ஆளுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். கிழங்கு வாயு, வாழைக்காய் வாயு, புளி ஆகவே ஆகாது. கடைசியில் மிஞ்சியது சுரைக்காயும் புடலங்காயும்தான். தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து அப்படியே நடத்தினேன்.

எட்டு மாதம். சாம்பார் இல்லை, கீரை இல்லை. மனுஷன் வாடிப்போனார், மலச்சிக்கல் வேறு. தெம்பு வரட்டும் என்று ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் சூப் வைத்தேன். மூட்டுக்கு நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். கறியை விட மீன் லேசு என்று புதன்கிழமை நெத்திலி வறுவல். சாயந்திரம் பாட்டில் ஜூஸ். அந்த எட்டு மாதத்தில் நான்கு முறை கால் வீங்கியது. ஒவ்வொரு முறையும், எந்தக் காய் தப்பாகப் போய்விட்டது என்றுதான் யோசித்தேன். ஒருமுறை ரசத்தில் போட்ட அரைத் தக்காளியைக் கூடக் குற்றம் சொன்னேன்.

பிறகு மதுரையில் ஒரு மூட்டு மருத்துவரிடம் போனோம். நான் தாளை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "எதைச் சாப்பிடலைன்னு அப்புறம் பாப்போம்மா. போன வாரம் என்னென்ன சாப்பிட்டார், நாள்வாரியா சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டே வந்தேன். ஞாயிறு சூப்பில் என்னை நிறுத்தினார். புதன்கிழமையில் மறுபடியும் நிறுத்தினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பியூரின் என்று ஒன்று உடம்பில் உடைந்துதான் யூரிக் ஆசிட் உண்டாகிறது. அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை நம் உடம்பே உண்டாக்கிக்கொள்கிறது, மிச்சம்தான் சாப்பாட்டிலிருந்து வருவது. ரத்தத்தில் 6.8 தாண்டினால் கரைந்து நிற்க முடியாமல் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படியும். ஈரல், கிட்னி, கறி, மத்தி, நெத்திலி இதிலெல்லாம் பியூரின் அதிகம். கருவாடாகக் காய்ந்துவிட்டால் நீர் வற்றி, அதே எடைக்கு இன்னும் அதிகம். கறியை வேகவைத்தால் பியூரின் தண்ணீரில் இறங்கும், சூப் என்று நாம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். பாட்டில் ஜூஸில் இருக்கும் இனிப்பும் யூரிக் ஆசிடை ஏற்றும். பீர் ஏற்றும், அது எங்கள் வீட்டில் இல்லை.

"அப்போ கீரை? அதிலயும் பியூரின் இருக்குன்னு தாள்ல போட்டிருக்கே?" என்று கேட்டேன். இருக்கிறதாம். ஆனால் அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு வருடம் கவனித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 730 பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது. கறியும் கடல் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு கூடியிருந்தது. கீரை, பட்டாணி, பீன்ஸ், காளான், காலிஃபிளவர் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால், தயிர் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு குறைந்தே இருந்தது. பருப்பைப் பற்றியும் விடாமல் கேட்டேன். சிங்கப்பூரில் வாழும் சீனர்களிடம் செய்த பெரிய ஆய்விலும் பருப்பு, பயறு வகை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் குறைவாகவே வந்திருக்கிறது என்றார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதம் அவர் தட்டில் ஒரு பிடி கீரை வைக்காமல், நெத்திலியை என் கையாலேயே வறுத்துப் போட்டிருக்கிறேன். அது இன்றும் மனதை அறுக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் கீரை. சிறுகீரை, அரைக்கீரை, எது கிடைக்கிறதோ அது. தினமும் சாம்பார் உண்டு. காலிஃபிளவர், பட்டாணி குருமாவும் உண்டு. மத்தியானம் ஆடை எடுத்த மோர், நாள் முழுக்கத் தண்ணீர். கறி மாதம் ஒரு நாள், இரண்டு மூன்று துண்டு, சூப் கிடையாது. பாட்டில் ஜூஸை அன்றோடு விட்டாயிற்று.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டை மாற்றியதில் யூரிக் ஆசிட் ஒரு புள்ளி கூட முழுதாக இறங்கவில்லை. அல்லோப்யூரினால் மாத்திரையை 100 மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்றிய பிறகுதான் ஆறுக்குக் கீழே வந்தது. போன முறை 5.4. மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது மாதமே ஒரு வீக்கம் வந்து, இவர் மாத்திரையைத் தூக்கிப் போடப் பார்த்தார். முதல் சில மாதங்களில் அப்படி வரலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லி, அதற்கும் மாத்திரை கொடுத்திருந்ததால் தப்பித்தோம். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஓடிவரச் சொன்னார்.

—

கோயம்புத்தூரிலிருந்து:

அக்கா, நாங்கள் தலைமுறையாகச் சைவம். எனக்கு இந்த நோய் வந்தபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. வீங்கிய அன்று எடுத்த ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.1 என்று வந்ததால், இது அந்த நோயே இல்லை என்று முதலில் பார்த்தவர் அனுப்பிவிட்டார். வீக்கம் இருக்கும்போது அளவு இறங்கிக் காட்டுவதுண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்தால் 9.2. நானும் காய்கறியைத்தான் சந்தேகப்பட்டேன். பிரஷருக்கு நான் சாப்பிட்ட தண்ணீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை) அதில் பாதிக் காரணம். அதை மாற்றிக் கொடுத்தார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

—

திருச்சியிலிருந்து:

தக்காளி பற்றி என் அனுபவம் வேறு. இரண்டு வருடம் நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறேன். தக்காளித் தொக்கு நிறையச் சாப்பிட்ட வாரங்களில் ஐந்து முறை வந்திருக்கிறது. என் பிரமை என்றார்கள். நியூசிலாந்தில் இந்த நோயாளிகளிடம் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு சாப்பாடு தங்களுக்குத் தூண்டுகிறது என்று சொன்னவர்களில் ஐந்தில் ஒருவர் தக்காளியைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் எல்லோரும் தக்காளியை விட வேண்டும் என்று சொல்லமாட்டேன். எனக்கு ஆகவில்லை, என் மனைவிக்குத் தக்காளி ரசம், எனக்கு மிளகு ரசம். அவ்வளவுதான்.

—

தஞ்சாவூரிலிருந்து:

கீரை தாராளமாகச் சாப்பிடலாம் என்று படித்துவிட்டு என் அப்பா மாதிரி ஆட்கள் ஆரம்பித்துவிடக் கூடாது. அப்பாவுக்கு யூரிக் ஆசிடோடு சிறுநீரகமும் பழுது. அவருக்குப் பிரச்சினை கீரையிலும் காயிலும் இருக்கும் பொட்டாசியம், பழுதான சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாது. முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு, இளநீர் எல்லாம் அளந்துதான். காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கிறோம். நட்சத்திரப் பழம் தொடவே கூடாது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது விஷம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் யாரும் யாருக்கும் கீரை சிபாரிசு செய்யாதீர்கள்.

—

மூலனூரிலிருந்து:

எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு விவசாயம். செங்காந்தள் பூ, நம் மாநிலப் பூ. இந்த வீக்கத்துக்குக் கொடுக்கிற கொல்சிசின் மருந்து அதன் விதையில் இருக்கிறது, அதற்காகத்தான் பயிர் செய்கிறோம். இதைக் கேட்டுவிட்டு, "கிழங்கைக் கொஞ்சம் வேகவைத்துத் தின்னால் என்ன?" என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். கிழங்கு முழுக்க விஷம். வேறு கிழங்கு என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. மருந்தாக வரும்போது அது அரை மில்லிகிராம் கணக்கு.

—

முதலில் எழுதியவள்:

தஞ்சாவூர் தங்கை சொன்னது சரி. நான் விட்டுவிட்டேன். இவருக்குக் கிரியேட்டினின் 0.9, அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் மருத்துவரும் கீரைக்குச் சரி என்றார்.

வீக்கம் இருக்கிற நாட்களில் என்ன கொடுப்பது என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். காய்கறியை நான் மாற்றுவதில்லை. காலை உயர்த்தி வைத்து, ஐஸ் ஒத்தடம், எழுதிக்கொடுத்த மாத்திரை, தண்ணீர். பட்டினி மட்டும் போடமாட்டேன். ஒருமுறை சஷ்டி விரதம் முழுக்க இருந்து, ஆறாம் நாளே கால் வீங்கியது.

போன மார்கழிக்குப் பிறகு வீக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்கப் போகிறோம். என்ன வந்தது என்று எழுதுகிறேன்.