முடி முளைத்த பிறகும் தொடரும் சிகிச்சை: சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள நம்மூர் உறவுகளுக்கு வணக்கம்.

என் தங்கை மகனின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சங்கம் திரட்டிய தொகை முழுவதும் வந்து சேர்ந்து, செலவாகி, கணக்கும் பொருளாளர் அண்ணனிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. மருமகன் சிகிச்சையை முடித்துவிட்டு எல்.கே.ஜி. போகிறான். இம்மடலை நன்றி சொல்வதற்கு மட்டும் எழுதவில்லை. நாளை நம் பக்கத்தில் வேறொரு பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் நம் உதவி எந்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு வயதில், ஓடித் திரிந்த பிள்ளை திடீரென்று நடக்க மறுத்து, இடுப்பைவிட்டு இறங்காமல் அழுதான். விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. அடிபடாமலே காலில் நீலத் தடிப்புகள் தெரிந்தன. கண்ணேறு என்று பாட்டி மிளகாய் சுற்றிப் போட்டாள். தக்கலையில் எடுத்த இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் அன்றைக்கே திருவனந்தபுரத்திலுள்ள ஆர்.சி.சி. என்னும் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். அங்கே எலும்பு மஜ்ஜையைச் சோதித்து, ஏ.எல்.எல். என்னும் இரத்தப் புற்றுநோய் என்று உறுதிசெய்தார்கள். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். 2 முதல் 5 வயதுக்குள் அதிகமாக வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணத்தால் வந்தது என்று மருத்துவத்தால் சொல்ல முடிவதில்லை. ஆகவே மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிர்வீச்சுள்ள மணலாலா, கர்ப்பகாலத்தில் எதையாவது தின்றதாலா என்று எந்தத் தாயிடமும் கேட்காமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி.

முதல் மாதச் சிகிச்சையின் நோக்கம் நோய் அணுக்களைப் பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைப்பது. ஸ்டீராய்டு மருந்தால் முகம் வீங்கி, நள்ளிரவில் எழுந்து மரச்சீனிக் கிழங்கு வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிப்பான். வின்கிரிஸ்டின் ஊசியால் மலம் இறுகி, கால் தளரும். முதுகுத்தண்டு வழியாகவும் மருந்து செலுத்துவார்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதால், ஊரிலிருந்து போய்வர வழியில்லாமல் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தோம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் (பிளேட்லெட்) பிள்ளைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அவற்றைச் சேமித்து வைத்தால் ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் பணம் கையில் இருந்தாலும் தட்டணு தானம் செய்ய ஆள் வேண்டும். திருவனந்தபுரத்தில் படிக்கும் நம்மூர்ப் பையன்கள் அப்போது ஓடி வந்தார்கள்.

உங்கள் பணமும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. மொட்டைத் தலையோடு பிள்ளை கிடக்கும் படத்தைக் கண்டு யாருக்குத்தான் மனம் இளகாது? ஆனால் ஏ.எல்.எல். சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்வது. கடுமையான கட்டங்கள் முடிந்ததும் பராமரிப்புச் சிகிச்சை தொடங்கும். தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெதோட்ரெக்ஸேட் மாத்திரை, இடையிடையே ஊசி, அடிக்கடி இரத்தப் பரிசோதனை, அதன் முடிவுக்கேற்ப மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும். இந்தக் கட்டத்தில்தான் முடி முளைக்கிறது, கன்னம் பழையபடி ஆகிறது, பிள்ளை முற்றத்தில் ஓடுகிறான். பார்க்கிறவர்கள் சுகமாகிவிட்டது என்றே நினைக்கிறார்கள். ஊர் மட்டுமல்ல, சில பெற்றோரும் அப்படியே நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நூற்றுக்கு ஐந்து வேளைக்கு மேல் மெர்காப்டோபியூரின் தவறினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதாக 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வசதியுள்ள நாடுகளில் இந்நோய் வந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் அந்த எண்ணிக்கை குறைவதற்குப் பாதி வழியில் சிகிச்சையைக் கைவிடுவதும் ஒரு பெரிய காரணம்.

கைவிடுவதற்கு அலட்சியத்தைவிட வறுமைதான் காரணமாகிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். தங்கை கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். போகாத நாளுக்குக் கூலி இல்லை. தம்பானூர் பேருந்தின் நெரிசலில் அம்மையோ காய்ச்சலோ தொற்றிவிடும் என்ற அச்சத்தால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் கார் பிடிக்க வேண்டியிருந்தது. மாத்திரைக்கு ஆகும் செலவைவிட வழிச்செலவே எப்போதும் கூடுதல். சங்கப் பணம் முதல் ஆண்டோடு தீர்ந்த பிறகு, தங்கை வளையலை அடகு வைத்துத்தான் மீதிக் காலம் ஓடியது.

இடையில் ஒன்று. பப்பாளி இலைச் சாறு, முள் சீத்தாப்பழம் என்று அன்பினால் பலர் குறிப்புகள் அனுப்பினீர்கள். வின்கிரிஸ்டின்கூட நம்மூர் மணலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்ததுதான். அதற்காக அந்த இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் அது நஞ்சு. இரத்தம் ஊறும் என்று சத்து மருந்துகளும் வாங்கித் தர வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் இருக்கும். மெதோட்ரெக்ஸேட் வேலை செய்வதே ஃபோலிக் அமிலத்தின் வழியை அடைத்துத்தான். மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. இனி இத்தகைய நோய்க்குத் திரட்டும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உடனே கொடுத்துவிட்டு, மீதியைச் சிகிச்சை முடியும்வரை மாதந்தோறும் வழிச்செலவுக்கென்று அனுப்புவோம். தட்டணு கொடுக்க இசைபவர்களின் பட்டியல் ஒன்றை, இரத்த வகையோடு, திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் இருக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து சேகரித்து வைப்போம். மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, மாத்திரை தடையில்லாமல் கிடைக்கிறதா என்று கேட்க ஒருவரை நியமிப்போம். அந்தப் பொறுப்பை முதலில் நானே ஏற்கிறேன்.

மருமகனுக்கு இன்னும் சில ஆண்டுகள் பரிசோதனைகள் உண்டு. குலசேகரம் பக்கத்துப் பெண்பிள்ளை ஒன்று இப்போது முதல் மாதச் சிகிச்சையில் இருப்பதால், அடுத்த பொதுக்குழுவரை காத்திராமல் இந்த வாரத்துக்குள் உங்கள் கருத்தை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தோஹாவிலிருந்து,
உங்கள் சகோதரன்