மறுமொழி: வால்வு ‘கருகல்’ வேண்டாம், ‘அனலரிப்பு’ சரியாக வருமா?

அன்புள்ள கலைச்சொல் குழுமத்தாருக்கு,

போன வாரம் இங்கே முன்வைக்கப்பட்ட ‘வெளியேற்று வால்வுச் செயலிழப்பு’ என்ற சொல்லில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் அது எதையும் சொல்லவும் இல்லை. தண்டு முறிந்தாலும் செயலிழப்பு, வளைந்தாலும் செயலிழப்பு, கரி பிடித்து மூடாமல் நின்றாலும் செயலிழப்பு. நாம் பெயர் தேடுவது அதில் ஒரு வகைக்கு. சின்ன ஒற்றை சிலிண்டர் பைக்குகளில், எரிந்த புகையை வெளியே விடும் வெளியேற்று வால்வின் விளிம்பு ஒரு பக்கமாகத் தின்னப்பட்டுப் போகிறதே, அதற்கு. மதுரை நண்பர் ‘ஓரக்கருகல்’ என்றார். தோசை ஓரம் கருகுவது போல உடனே புரிகிறது என்று நானும் கைதூக்கினேன். இப்போது கையை இறக்கிக்கொள்கிறேன். என் வண்டிதான் காரணம்.

நான் இருப்பது கோத்தகிரியில். பழைய 100 சிசி, கார்புரேட்டர் வண்டி. வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி, பின்னால் ஒரு மூட்டையோடு ஏறுவேன். டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறதே என்று கீழே ஒரு பட்டறையில் சொன்னேன். அவரும் நான் கேட்டபடியே அதன் இடைவெளியைக் குறைத்து டைட் வைத்துக் கொடுத்தார். தையல் மிஷின் போல ஓடிய வண்டி பூனை மாதிரி ஆகிவிட்டது, எனக்குப் பரம சந்தோஷம். சில மாதம் கழித்து ஒரு காலை, கிக்கரை மிதித்தால் காலுக்குப் பிடிமானமே இல்லை. எப்படியோ ஸ்டார்ட் ஆனாலும், இரண்டாவது கியரில் ஏறும் மேட்டில் முதல் கியர் கேட்டது.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன், வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். கரேல் என்று இருந்த வால்வைக் காட்டி, “கருகிடுச்சா அண்ணே?” என்றேன். சிரித்துவிட்டார். “அது இன்டேக்கு தம்பி, பெட்ரோலும் காத்தும் உள்ளே வர்ற வால்வு. அதுக்கு ஒண்ணும் ஆகலை. போனது இந்த வெளுத்தது.” பார்த்தால் உண்மைதான். வெளியேற்று வால்வு சாம்பல் நிறத்தில் வெளுத்து, ஓரத்தில் ஒரு இடம் எலி கடித்தது போலக் குழிந்திருந்தது.

கருகல் என்ற சொல் கண்ணைத் தவறான வால்வுக்குக் கொண்டுபோகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கருப்பு என்பது புகைக்கரி. துடைத்தால் போய்விடும். நாம் சொல்லும் பழுதில் கருப்பு இருக்க வேண்டியதே இல்லை, உலோகம்தான் குறைந்திருக்கும்.

அது எப்படிக் குறைகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சொல் அதில்தான் இருக்கிறது. வெளியேற்று வால்வின் தலை வேலை நேரத்தில் 700, 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் பெரும்பங்கு, வால்வு மூடிக்கொண்டு, ஹெட்டில் அதன் விளிம்பு பதியும் வளையமான சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. மிச்சம் தண்டு வழியாகப் போகும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு நொடிக்கு 50 முறை உட்கார்ந்து எழுகிறது. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தால்தான் அதற்குப் பிழைப்பு. இதற்காகத்தான் டேப்பட்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இடைவெளி விடுகிறார்கள். சீட்டும் வால்வு முகமும் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் ஏறும், இந்த இடைவெளி சுருங்கும். அதையும் சத்தத்துக்குப் பயந்து இறுக்கிவிட்டால், சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. மயிரிழைச் சந்து போதும். எரியும் வாயு அதன் வழியாகச் சீறும், சந்து அகலமாகும், இன்னும் அதிகமாகச் சீறும். டேப்பட் சத்தம் போட்டால் பயப்படாதே, சத்தம் போடாவிட்டால் பயப்படு என்று அண்ணன் சொன்னது இதைத்தான்.

மலை இதில் தன் பங்கைச் சேர்க்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிது, கார்புரேட்டரோ கீழே விட்ட அதே அளவுக்குப் பெட்ரோல் விடும். கலவை கொழுத்து, கரி படியும். அந்தக் கரித்துணுக்கு சீட்டில் மாட்டினால் அதுவே சந்து. மேலே சரியாக ஓட வேண்டும் என்று கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து விடும் சின்ன ஜெட் போட்டவர்கள், அந்த ஜெட்டோடு சமவெளியில் இறங்கி விரட்டினால் கலவை மெலிந்து சூடு ஏறும். கொண்டை ஊசி வளைவுகளில் முழு த்ராட்டிலோடு நத்தை வேகத்தில் ஏறும்போது எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபின்களில் காற்றும் படாது. (யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இழையைத் தாண்டிப் போகலாம். டூ ஸ்ட்ரோக்கில் வெளியேற்று வால்வே கிடையாது.)

இப்போது சொல்லுக்கு வருகிறேன். கசிவில் தொடங்கி, கசிந்ததே வழியை வெட்டிப் பெரிதாக்குவது நமக்குப் புதிதல்ல. ஏரிக்கரை அப்படித்தான் உடைகிறது. இங்கே தேயிலைச் சரிவில் ஒரு மழைக்கு விரல் அகலத்தில் இருந்த ஓடை அடுத்த மழைக்கு முழங்கால் ஆழம் ஆவதைப் பார்க்கிறோம். அதை மண்ணரிப்பு என்கிறோம், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் மண்ணை அரிக்கிறது, அனல் வால்வை அரிக்கிறது. ஆகவே ‘அனலரிப்பு’. அனல் மின்நிலையம் வழியாக முதல் பாதியும் பழகியதுதான். ‘வால்வு அனலரிப்பு’ என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் இல்லை.

‘வால்வு’ என்ற சொல்லை ஏன் தமிழாக்கவில்லை என்று கேட்பீர்கள். ‘ஓரதர்’ அழகான சொல், அதர் என்றால் வழி, சங்கப் பாட்டிலேயே உண்டு. ஆனால் ஒருவழி என்ற பொருள் கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வுக்குப் பொருந்தும். எஞ்சின் வால்வு, சுழலும் கேம் தண்டு சொல்லும்போது திறக்கும், ஸ்பிரிங் இழுக்கும்போது மூடும். அதற்குக் ‘கவாடம்’ எவ்வளவோ மேல். அகராதியில் கவாடம் போடுங்கள், நான் எதிர்க்கவில்லை. கட்டுரையில் வால்வு என்று எழுதினால்தான் பட்டறையில் படிப்பார்கள்.

சீட்டுக்கு மட்டும் ‘இருக்கை’ தயங்காமல் வைக்கலாம். “வால்வு உட்காரலை” என்றுதான் எல்லாப் பட்டறையிலும் பேசுகிறார்கள். உட்காருகிறது என்றால் இருக்கை வேண்டும்தானே.

கோத்தகிரியிலிருந்து

---

மறுமொழி: தஞ்சாவூர்

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் அரிப்பு என்றதும் எங்கள் வீட்டில் சொறியத் தொடங்குவார்கள். ‘அனலரிமானம்’ என்றால் கலைச்சொல் மிடுக்கு வரும். ‘துருவரிப்பு’, ‘உலோக அரிமானம்’ என்று வேதியியலில் ஏற்கெனவே புழங்குவதோடு மோதாதா?

---

மறுமொழி: கோத்தகிரி

மோதும் என்பது நியாயமான கேள்வி. துரு, வேதிவினையால் மெல்லப் பரவித் தின்பது. இங்கே வாயு பாயும் வேகமும் சூடும் சேர்ந்து ஒரே இடத்தை வெட்டுகிறது, கூடவே உலோகம் ஆக்சிஜனேற்றமும் அடைகிறது. அதனால்தான் முன்னால் ‘அனல்’ கட்டாயம் நிற்க வேண்டும், வெறும் அரிப்பு போதாது. அரிமானத்தில் மிடுக்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்று அண்ணனிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். அரிமானத்துக்கு “அது என்ன, வருமானமா?” என்றார். அனலரிப்புக்கு ஒரு நொடி யோசித்து, வால்வுப் பெட்டியைக் கிளறி, அரை நிலவு போலத் தின்னப்பட்ட ஒன்றை எடுத்து நீட்டினார்.