கன்னியாகுமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக்கு மேல புகை மாதிரி சுத்துத குருவி எது?

பெட்டிவண்டி:
நான் மீன் வியாபாரம். சாயங்காலம் மேலமணக்குடியில கரமடி மீன் எடுத்துட்டு புத்தளம் வழியா வருவேன். பத்து நாளா ஆறு மணி ஆனா உப்பளத்துக்கு மேல ஒரு கூட்டம். மொதல்ல எவனோ ஓலை எரிக்கான்னு நெனச்சேன். பொறவு பாத்தா அந்தப் புகை நடுவுல கிழிஞ்சு, ரெண்டாகி, திரும்ப ஒண்ணாச் சேருது. எத்தனைன்னு கேட்டா, எனக்குக் குட்டைக் கணக்குதான் தெரியும். நெத்திலின்னா அம்பது குட்டைக்குக் காணும்.

தலைக்கு மேல போகும்போ கத்தாது. றெக்கை இரைச்சல் மட்டும், மழை தூரத்துல வாற மாதிரி. பத்து நிமிசத்துல பனைக்குக் கீழ உள்ள உடங்காட்டுல கொட்டினாப்புல விழும். விழுந்த பொறவு போடுத சத்தத்துல மீன் சந்தை தோத்துப்போகும். போன்ல புடிச்சேன், வெறும் புள்ளி. வீட்டுல காட்டினா, "போனைத் தொடைங்க"ங்கா.

என்ன குருவி? எப்படி முட்டாமப் பறக்கு? நேத்து மூடாம் போட்டிருந்துச்சு, நான் வரும்போ ஒண்ணையும் காணல்ல. போயிட்டா?

குளத்தங்கரை:
போகல்ல அண்ணாச்சி. மூடாம் போட்டா சீக்கிரமே அடைஞ்சிரும், நீங்க பிந்திட்டீங்க. அது சோளக்குருவியாக்கும், சூறைக்குருவின்னும் சொல்லுவாங்க. நடு ஆசியாவுல வெட்டுக்கிளி பெருத்த எடத்துல குஞ்சு பொரிச்சிட்டு, ஆகஸ்டு தொட்டு இந்தியாவுக்கு வரும், ஏப்ரலுக்குள்ள திரும்பும். பெருசுக்குத் தலையும் றெக்கையும் கறுப்பு, ஒடம்பு ரோஸ். இந்த வருசக் குஞ்சு மண் நெறம்.

முட்டாததுக்குக் காரணம், எந்தக் குருவியும் மொத்தக் கூட்டத்தைப் பாக்கல்ல. இதோட சொந்தக்காரக் குருவிய ரோம் நகரத்துல படம் புடிச்சுக் கணக்குப் போட்டாங்க. ஒவ்வொண்ணும் பக்கத்துல உள்ள 6, 7 குருவியத்தான் கவனிக்கி. ஒண்ணு திரும்பினா அடுத்தது திரும்பும், அப்படியே அலையாப் போயிரும்.

ஒண்ணு கேக்கட்டா, புகை கிழியுதுன்னீங்களே, கிழியுத எடத்துல என்ன இருந்துச்சு?

பத்துக்காரன்:
சுசீந்திரம் தேரூர் குளத்துக்கு 2022-ல உலக அளவுல முக்கியமான நீர்நிலைன்னு ராம்சார் பட்டம் கிடைச்சிருக்கு, இவரு குருவியத் தேடி உப்பளத்துக்குப் போறாரு! மக்கா, அதுக எங்க கும்பப்பூ போக நெல்லுல விழாம இருந்தாப் போதும். சோளக்குருவின்னு பேரு சும்மாவா வச்சான்?

பெட்டிவண்டி:
குளத்தங்கரை தம்பி, இன்னைக்கு வரப்புல வண்டிய நிறுத்திட்டு அந்தக் கிழிசலையே பாத்தேன். பனைக்கு மேலருந்து கறுப்பா ஒண்ணு கல்லு மாதிரி எறங்கிச்சு. கூட்டம் ஈரத்துணியப் பிழிஞ்சாப்புல இறுகிப்போச்சு. இருட்டாச்சு பாருங்க, வானத்துல ஒரு முடிச்சு! எறங்கினது ஒண்ணும் புடிக்காம வெறுங்காலோடதான் போச்சு, ரெண்டாந்தடவையும் வெறுங்கால்.

குளத்தங்கரை:
வல்லூறாக்கும். இறுகிட்டா ஒத்தைய உருவி எடுக்க அதுக்கு முடியாது. மூணாந்தடவை?

பெட்டிவண்டி:
பாக்கல்ல. அண்ணாந்து நின்னதுல பெட்டியிலருந்து நாலு அயிலைய நாய் கொண்டுட்டுப் போச்சு. அதுக்குப் பொறத்த ஓடினேன். சட்டை முழுக்க எச்சம் வேற.